கோப்பின் பெயரும் மேற்கோள் குறியும்

தம்முடைய குடும்பத்தின் பழைய கடிதங்களையும் படங்களையும் கணிப்பொறியில் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர், ஒரு கோப்புக்குப் 'பாட்டியின் கடிதங்கள்' என்று பெயரிட்டுச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அதன் சின்னத்தை அழுத்தினால் கோப்பு ஒழுங்காகத் திறக்கிறது. அச்சிடச் சொன்னால் அச்சாகிறது. ஆனால் எல்லாக் கோப்புகளையும் இரவுதோறும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைக்கும் பொருட்டு எழுதப்பட்ட ஒரு சிறு நிரல் மட்டும், இந்தக் கோப்பை எட்டியவுடனே, 'பாட்டியின்' என்று ஒரு கோப்பு இல்லை என்றும், 'கடிதங்கள்' என்று ஒரு கோப்பு இல்லை என்றும் இரண்டு முறையீடுகளைப் பதிந்துவிட்டு, அதைப் பிரதி எடுக்காமலே அடுத்ததற்குப் போய்விடுகிறது.

இருக்கும் கோப்பு ஒன்று, இல்லையென்று சொல்லப்படுபவை இரண்டு என்னும் இந்த விசித்திரம், கணிப்பொறியோடு பழகிய பலரும் ஏதாவதொரு சந்தர்ப்பத்தில் கண்டதேயாகும். கோப்பின் பெயரில் இடைவெளி விடாதீர்கள் என்று அனுபவசாலிகள் கூறும் புத்திமதியும் இதிலிருந்து பிறந்ததுதான். அந்தப் புத்திமதி நோய் வராமல் ஒருவாறு காக்கிறதேயன்றி நோயின் காரணத்தை விளக்குவதில்லை. காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், ஒரு மொழியில் எழுதிய வாக்கியத்துக்குள் மற்றொரு மொழியின் வாக்கியத்தைப் பொதிந்து அனுப்பும்போது, அதில் எது பெயர், எது கட்டளை என்பதைப் படிக்கும் இயந்திரம் எவ்வாறு அறியும் என்ற ஆழமான வினாவில் போய் நிற்போம்.

முதலில் வட்டின் மீதுள்ள சந்தேகத்தை நீக்கிவிடலாம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திலும் அதன் வழியைப் பின்பற்றிய லினக்ஸிலும், கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் ஒரு வரிசை. அந்த வரிசையில் இடம்பெற முடியாத பைட்டுகள் இரண்டே இரண்டுதாம். ஒன்று, அடைவுக்குள் அடைவு என்று வழிகாட்டிச் செல்லும் கோப்புப் பாதையில் ஓர் அடைவின் பெயரை அடுத்ததிலிருந்து பிரிக்கும் சாய்கோடு. மற்றொன்று, பெயர் இத்துடன் முடிந்தது என்று அறிவிக்கும் சூனியப் பைட்டு. இவ்விரண்டையும் தவிர்த்த எதுவும், இடைவெளியாயினும், மேற்கோள் குறியாயினும், புதிய வரியைத் தொடங்கும் குறியே ஆயினும், பெயரின் சாதாரண அங்கமாகவே வட்டில் பதிகிறது. ஆகவே 'பாட்டியின் கடிதங்கள்' என்னும் பெயர் வட்டில் பின்னமின்றி இருக்கிறது. அது உடைவது வேறோர் இடத்தில்.

அந்த இடம், மனிதனுக்கும் இயங்குதளத்தின் உட்கருவுக்கும் நடுவே நின்று கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் 'ஷெல்' என்னும் நிரல். மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் உருவாகிக்கொண்டிருந்த 1960களின் நடுவில் லூயி பூசான் என்ற பிரெஞ்சு அறிஞர் இக்கருத்துக்கு உருவமும் பெயரும் கொடுத்தார். 1971-இல் யூனிக்ஸின் முதற் பதிப்போடு கென் தாம்சன் எழுதிய ஷெல் வெளிவந்தது. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல், அதற்குப் பின் தோன்றிய பல ஷெல்களுக்கும் இலக்கணமாக அமைந்தது. ஒரு வரியை வாங்கியதும் ஷெல் அதை இடைவெளிகளில் வெட்டிச் சொற்களாக்குகிறது. முதற் சொல்லை ஓட்டவேண்டிய நிரலின் பெயராகவும், எஞ்சிய சொற்களை அந்த நிரலுக்குக் கொடுக்கப்படும் வேலைப்பொருள்களாகவும் கொள்கிறது. இந்த வேலைப்பொருள்களைத் தருமதிப்புகள் என்று நாம் வழங்கலாம். கோப்பின் பெயர் 14 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது என்று இருந்த அந்நாளில், நிபுணர்கள் சிலர் தம் கையால் தட்டச்சுச் செய்த கட்டளைகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் சௌகரியமாக இருந்தது. பெயருக்குள்ளும் இடைவெளி வரக்கூடும் என்பதே அப்போது பெரிய பிரச்சினையாகத் தோன்றவில்லை.

இடைவெளி ஒன்றுக்குத்தான் ஷெல்லில் விசேஷ அர்த்தம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நட்சத்திரக் குறியைக் கண்டால், அந்த அடைவில் உள்ள எல்லாப் பெயர்களையும் அதற்குப் பதிலாக ஷெல் நிரப்பும்; டாலர் குறியைக் கண்டால், அதைத் தொடரும் சொல்லை ஒரு மாறியின் பெயராகக் கருதி அதன் மதிப்பை அங்கே கொண்டுவந்து வைக்கும்; அரைப்புள்ளியைக் கண்டால், ஒரு கட்டளை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று தீர்மானிக்கும். ஒரு கோப்பின் பெயரில் அரைப்புள்ளியும், அதன் பின்னே கோப்புகளை அழிக்கும் நிரலின் பெயரும் இருந்துவிட்டால், அந்தப் பெயரை அப்படியே கட்டளை வரியில் ஒட்டிய மாத்திரத்தில் பெயர் என்பது மறைந்து, அழி என்னும் ஆணை பிறந்துவிடுகிறது. பெயர் இரண்டாக உடைவது இந்த நோயின் மெல்லிய வடிவம். பெயரே கட்டளையாக மாறிவிடுவது அதன் கொடிய வடிவம்.

இதற்குப் பரிகாரமாக வகுக்கப்பட்டதே மேற்கோள் குறி. அதன் தத்துவத்தைக் கணிப்பொறிக்கு முன்பே தர்க்க சாஸ்திரிகள் ஆராய்ந்திருந்தனர். சென்னை கடற்கரையில் இருக்கிறது என்றால் நாம் அந்த நகரத்தைப் பற்றிப் பேசுகிறோம். 'சென்னை' மூன்றெழுத்து என்றால் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறோம். முன்னதில் சொல் பயன்படுத்தப்படுகிறது. பின்னதில் சொல் சுட்டப்படுகிறது. இந்தப் பேதத்தை விடாப்பிடியாகக் காக்கவேண்டும் என்று வலியுறுத்திய அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன், 1940-இல் வெளியிட்ட தம் கணிதத் தர்க்க நூலில், அதற்கென்றே ஒரு புதிய மேற்கோள் முறையையும் வகுத்தார். 1960-இல் ஜான் மெக்கார்த்தி அறிமுகப்படுத்திய லிஸ்ப் மொழியிலும், பின்வருவதைக் கணக்கிடாமல் உள்ளபடியே எடுத்துக்கொள் என்று சொல்வதற்கென ஒரு தனிச் செயல் வைக்கப்பட்டது. ஷெல்லின் மேற்கோள் குறியும் இந்தக் காரியத்தையே செய்கிறது: இதற்குள் இருப்பதற்கு அர்த்தம் பண்ணாதே, எழுத்துகளை எழுத்துகளாகவே கொண்டுபோ என்பதே அது சொல்லும் செய்தி.

போர்ன் வழிவந்த ஷெல்களில் இந்தக் குறி இரண்டு வகைப்படும். ஒற்றை மேற்கோளுக்குள் எந்த எழுத்துக்கும் விசேஷ அர்த்தம் கிடையாது. அடுத்த ஒற்றை மேற்கோள் வரும்வரை யாவும் வெறும் எழுத்தே. இரட்டை மேற்கோளுக்குள் இடைவெளியும் நட்சத்திரமும் அடங்கிவிடுகின்றன என்றாலும், டாலர் குறி, பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள், பின்சாய்வுக் கோடு ஆகியவை தம் அதிகாரத்தை இழப்பதில்லை. மூன்றாவது கருவியாகிய பின்சாய்வுக் கோடு, தன்னை அடுத்து நிற்கும் ஒரே ஓர் எழுத்தை மட்டும் அதன் விசேஷ அர்த்தத்திலிருந்து விலக்கி வைக்கிறது. ஆகவே அதை விலக்குக் குறி என்று அழைப்பது பொருந்தும். பல நிரல்மொழிகளில் இந்தக் குறிக்கு எதிரான வேலையும் உண்டு. சாதாரண எழுத்து ஒன்றின் முன் நின்று, அதற்குப் புதிய வரி என்றோ தத்தல் இடைவெளி என்றோ விசேஷ அர்த்தத்தை ஏற்றிவிடவும் செய்கிறது. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் இந்த உத்தியோகத்தை நட்சத்திரக் குறி வகித்தது. சி மொழியில் பின்சாய்வு அதை ஏற்றுக்கொண்டது. சி மொழியின் செல்வாக்கால் பிற மொழிகளுக்கும் அது பரவியது.

இதனிடையே வேறொரு சிக்கலும் சேர்ந்தது. 1983-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் இரண்டாம் பதிப்பு அடைவுக்குள் அடைவு வைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது, அங்கே சாய்கோடு ஏற்கெனவே நிரல்களின் விருப்பத் தேர்வுகளைக் குறிக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தபடியால், பாதையைப் பிரிப்பதற்குப் பின்சாய்வுக் கோடு நியமிக்கப்பட்டது. ஒரே குறி, ஓரிடத்தில் பாதையின் பிரிப்பானாகவும், மற்றோரிடத்தில் விலக்குக் குறியாகவும் ஆயிற்று. விண்டோஸில் 'என்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் அடைவின் பாதையைப் பைத்தான் முதலிய மொழிகளில் மேற்கோளுக்குள் அப்படியே எழுதினால், பின்சாய்வும் அந்த எழுத்தும் சேர்ந்து ஒரு புதிய வரியாகிவிடுவதும், 'டி' என்னும் எழுத்தில் தொடங்கினால் தத்தல் இடைவெளியாகிவிடுவதும் இதன் விளைவுகளே.

இதுவரை பார்த்தது ஒரு மொழி, ஒரு வாசகன் என்ற நிலை. ஒரு மொழியை மற்றொரு மொழிக்குள் பொதியும்போது வாசகர்கள் இருவராகவோ மூவராகவோ பெருகுகிறார்கள். மன்னார்குடியில் இருக்கும் மாமாவின் மூலம், அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க விரும்பும் ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்ப்போம். அந்தக் கடிதத்தை ஓர் உறையில் இட்டு ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதுவார். பிறகு அந்த உறையை வேறோர் உறைக்குள் வைத்து மாமாவின் விலாசத்தை எழுதுவார். மாமா வெளியுறையை மட்டும் கிழிக்கிறார். உள்ளே இருப்பது தமக்கு அன்று என்று அறிந்து, கிழிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். உறை ஒன்றே இருந்தால் மாமாவே கடிதத்தைத் தமக்கு வந்ததாக எண்ணிப் படித்துவிடுவார். உறை மூன்றாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கடிதத்துக்குப் பதிலாக ஒட்டிய உறை ஒன்று மிஞ்சும். வாசகர் எத்தனை பேரோ அத்தனை உறைகள் வேண்டும். கடைசியில் படிப்பவருக்குரிய உறையை முதலிலும், முதலில் படிப்பவருக்குரிய உறையைக் கடைசியிலும் இடவேண்டும். மொழிக்குள் மொழியைப் பொதிவதன் விதி முழுவதும் இவ்வளவே. மேற்கோள் குறிகளும் விலக்குக் குறிகளுமே அங்கே உறைகள்.

இந்த விதியை உண்மையான ஓர் உதாரணத்தில் பொருத்திப் பார்ப்போம். மக்கின்டாஷ் கணிப்பொறிகளில் 1993 முதல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்னும் ஸ்கிரிப்ட் மொழி வழங்கிவருகிறது. அக்காலத்து மக்கின்டாஷில் பாதையைப் பிரிக்கும் குறி முக்காற்புள்ளி. 2001-இல் அந்த இயந்திரத்தின் இயங்குதளம் யூனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியபோது, முக்காற்புள்ளிப் பாதைகளும் சாய்கோட்டுப் பாதைகளும் ஒரே வட்டில் சேர்ந்து வாழ நேர்ந்தது. பழைய பயனாளர்கள் தம் கோப்புப் பெயர்களில் சாய்கோட்டைத் தாராளமாக எழுதிவந்தவர்கள். அவர்களுக்காகத் திரையில் பெயருக்குள் சாய்கோடாகத் தெரிவது யூனிக்ஸ் பக்கத்தில் முக்காற்புள்ளியாகக் காட்சியளிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே ஆப்பிள்ஸ்கிரிப்டிலிருந்து ஷெல்லைக் கூப்பிட்டு ஒரு கோப்பின் மீது வேலை செய்யச் சொல்வதற்கு முதற்படி, பாதையை யூனிக்ஸ் வடிவத்துக்கு மாற்றுவது. இரண்டாம் படிதான் நம்முடைய விஷயம்: அந்தப் பாதையை ஷெல்லுக்கு உரிய உறையில் இடுவது.

குடும்பப் படங்களை வைத்திருப்பவர், 1962-ஆம் ஆண்டின் திருமணப் படங்கள் உள்ள அடைவுக்கு, ஆண்டைச் சுருக்கி எழுதும் வழக்கப்படி 'கல்யாணம்' என்ற சொல்லும், ஓர் இடைவெளியும், ஓர் ஒற்றை மேற்கோளும், 62 என்னும் எண்ணுமாகப் பெயர் வைத்திருக்கிறார். இடைவெளிக்கு அஞ்சிய நிரல் எழுத்தாளர், பாதையின் முன்னும் பின்னும் ஒற்றை மேற்கோளை ஒட்டி அனுப்புகிறார். ஷெல்லுக்குப் போய்ச் சேர்வது இது:

'/படங்கள்/கல்யாணம் '62'

ஷெல் இதை எவ்வாறு படிக்கும்? முதல் மேற்கோளில் உறை திறந்தது என்று கொள்ளும். எண்ணுக்கு முன் நிற்கும் மேற்கோள் பெயரின் அங்கம் என்று அறிய அதற்கு வழியில்லாமையால், உறை அங்கே மூடியது என்று கொள்ளும். 62 உறைக்கு வெளியே தனித்து நிற்கும். கடைசி மேற்கோள் புதிதாக ஓர் உறையைத் திறந்து, மூடுவாரின்றி விட்டுவிடும். மேற்கோள் முடியவில்லை என்ற முறையீட்டோடு வேலை நின்றுபோகும். ஒற்றை மேற்கோளுக்குள் விலக்குக் குறியும் வெறும் எழுத்தே ஆகையால், உள்ளே ஒரு பின்சாய்வைச் சேர்ப்பதாலும் பயனில்லை. சரியான வழி, அந்த இடத்தில் உறையை மூடி, வெளியே விலக்குக் குறியின் துணையோடு ஒரு மேற்கோளை எழுதி, மறுபடியும் உறையைத் திறப்பதே:

'/படங்கள்/கல்யாணம் '\''62'

மூன்று துண்டுகளுக்கும் இடையில் இடைவெளி இல்லாமையால் ஷெல் அவற்றை ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. பெயர் உள்ளபடியே நிரலைச் சென்றடைகிறது. இந்த வரியையே ஆப்பிள்ஸ்கிரிப்டின் மூலப் பிரதியில் கையால் எழுதுவதானால், அந்த மொழிக்கும் பின்சாய்வு விலக்குக் குறியாதலால், நடுவிலுள்ள பின்சாய்வை இரட்டித்து எழுதவேண்டும். ஷெல்லுக்கு ஓர் உறை, ஆப்பிள்ஸ்கிரிப்டுக்கு ஓர் உறை என்ற கணக்கு இங்கே கண்கூடாகத் தெரிகிறது. இத்தொல்லையைப் போக்குவதற்காக, எந்தச் சரத்தையும் ஷெல்லுக்குரிய மேற்கோள் வடிவமாக்கித் தரும் ஒரு செயலை ஆப்பிள்ஸ்கிரிப்டே வைத்திருக்கிறது. பைத்தான், பிஎச்பி முதலிய மொழிகளிலும் அதற்கு நிகரான செயல்கள் உண்டு.

இந்த உபாயம் சில பெயர்களுக்கு மட்டும் பலித்ததா, எல்லாப் பெயர்களுக்கும் பலிக்குமா என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பரீட்சை தேவையில்லாமலே நிச்சயமான பதில் கூறலாம். ஒற்றை மேற்கோளுக்குள் விசேஷ அர்த்தமுள்ள எழுத்து ஒன்றே ஒன்றுதான்; அது ஒற்றை மேற்கோள். அந்த ஒன்றை மூடித் திறந்து வெளியே வைத்துவிட்டோமானால், உள்ளே எஞ்சியிருப்பவை யாவும் விசேஷ அர்த்தமற்றவை என்பது ஷெல்லின் இலக்கணத்திலிருந்தே தானாகப் பெறப்படுகிறது. ஆகவே இம்முறை பூரணமானது. இரட்டை மேற்கோளைக் கொண்டு இதையே செய்யப் புகுந்தால், இரட்டை மேற்கோளோடு முன்சொன்ன மூன்று குறிகளையும் சேர்த்து நான்கை விலக்கவேண்டும். ஒன்றை மறந்தாலும் ஓட்டை விழும். விதிவிலக்குகள் மிகக் குறைந்த உறையைத் தேர்ந்தெடுப்பதே விவேகம் என்பது இதனால் விளங்கும்.

உறைகள் பெருகும்போது விலக்குக் குறிகள் பெருகும் வேகமும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வாசகனும் இரண்டு பின்சாய்வுகளை ஒன்றாக்கிவிடுகிறான் என்றால், ஒரு வாசகனைக் கடந்து ஒரு பின்சாய்வு போய்ச்சேர இரண்டும், இருவரைக் கடக்க நான்கும், மூவரைக் கடக்க எட்டும் எழுதவேண்டும். பைத்தானில் எழுத்துக் கோலங்களைத் தேடும் சிறு மொழி ஒன்று பொதிந்திருக்கிறது. அதைக் கொண்டு ஒரே ஒரு பின்சாய்வைத் தேட, சாதாரண மேற்கோளில் நான்கு பின்சாய்வுகள் எழுதவேண்டியிருப்பது இக்காரணத்தால்தான். காரணம் அறியாதவர்கள், வேலை நடக்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு பெயருக்கு அது நடந்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். வேறொரு பெயர் வரும் நாளில் அது உடையும்.

ஆகவே, நாம் இட்ட உறைகள் சரியானவை என்பதை எப்படி அறிவது? திரையில் எழுத்துகளைத் திருப்பிக் காட்டும் 'எக்கோ' என்னும் நிரலை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஷெல் ஒரு பெயரை இரண்டாக வெட்டிக் கொடுத்தாலும், எக்கோ அவ்விரண்டையும் நடுவே ஓர் இடைவெளியோடு சேர்த்தே அச்சிடுகிறபடியால், வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைவிட, தனக்கு வந்த தருமதிப்புகள் எத்தனை என்பதையும், ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் அடைப்புக்குள் இட்டும் காட்டுகிற ஒரு சிறு நிரலை எழுதி, உண்மையான நிரலுக்குப் பதிலாக அதை அங்கே நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் தருமதிப்புகளையும் உட்கருவே ஒரு கோப்பின் வடிவில் காட்டுகிறது. அங்கே ஒவ்வொரு தருமதிப்பின் முடிவிலும் ஒரு சூனியப் பைட்டு நிற்பதால், எது எங்கே வெட்டுப்பட்டது என்பதில் ஐயத்துக்கு இடமே இராது.

பரீட்சைக்கு எடுத்துக்கொள்ளும் பெயர்களும் சாதுவானவையாக இருக்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், டாலர் குறி, நட்சத்திரம், பின்சாய்வு, நடுவில் புதிய வரி, முதலெழுத்தாகச் சிறுகோடு ஆகிய ஒவ்வொன்றையும் தாங்கிய பெயர்களைப் படைத்து, உள்ளே போன பைட்டுகளும் வெளியே வந்த பைட்டுகளும் ஒன்றுதானா என்று ஒப்பிடவேண்டும். எதிர்பாராத உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கும் முறையின் வலிமையை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்டன் மில்லரும் அவருடைய மாணவர்களும் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. தாறுமாறான எழுத்துகளை ஊட்டியபோது, அன்றைய யூனிக்ஸ் பயன்பாட்டு நிரல்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை நிலைகுலைந்து போயின. நாம் நினைத்துப் பார்க்கும் பெயர்களை மட்டுமே கொண்டு செய்யும் சோதனை, நாம் நினையாத பெயர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதே அதன் படிப்பினை.

இந்தப் படிப்பினையைப் புறக்கணித்ததால் விளைந்த நஷ்டங்கள் கற்பனையல்ல. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய பிரதியை அழிப்பதற்காக நிறுவியில் இருந்த ஷெல் கட்டளையில் வட்டின் பெயர் மேற்கோளின்றி எழுதப்பட்டிருந்தது. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கணிப்பொறிகளில் பாதை உடைந்து, அழிக்கும் கட்டளை வேறிடத்தைப் பற்றிக்கொண்டு, வட்டுப் பகுதிகளின் உள்ளடக்கமே அழிந்துபோயிற்று. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2015-இல் ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் நிரலில் நேர்ந்தது இதனினும் நுட்பமானது. அங்கே பாதை மேற்கோளுக்குள்தான் இருந்தது. ஆனால் பாதையைத் தாங்கவேண்டிய மாறி வெறுமையாகிவிட்ட சந்தர்ப்பத்தில், எஞ்சிய சாய்கோடு வட்டின் மூலத்தையே குறித்துவிட்டது. பயனாளரின் கோப்புகள் அழிந்தன.

மேற்கோள் குறி செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்பதை இந்த இரண்டாவது சம்பவம் தெளிவாக்குகிறது. அது பெயரைச் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெயர் சரியானதா என்று விசாரிக்காது. சிறுகோட்டில் தொடங்கும் பெயர் ஒன்று பின்னமில்லாமல் போய்ச் சேர்ந்தாலும், பெற்றுக்கொள்ளும் நிரல் அதைக் கோப்பின் பெயராகக் கொள்ளாமல் தனக்கிட்ட ஒரு விருப்பத் தேர்வாகக் கொள்ளக்கூடும். அந்தப் பெயரின் முன், இந்த அடைவிலேயே என்று பொருள்படும் ஒரு புள்ளியையும் சாய்கோட்டையும் சேர்த்துவிட்டால் அக்குழப்பம் நீங்கும்.

இவ்வளவு பாடுபடுவதைக் காட்டிலும், பெயரைக் கட்டளையின் வாசகத்துக்குள் கலக்காமலே தனியே கையில் கொடுத்துவிட முடியாதா என்று கேட்பவருக்கு, முடியும் என்பதே விடை. யூனிக்ஸின் உட்கரு ஒரு நிரலைத் தொடங்கும்போது, தருமதிப்புகளை ஒரே வரியாகப் பெறுவதில்லை. ஏற்கெனவே பிரித்த பட்டியலாகவே பெறுகிறது. ஷெல் வரியை வெட்டுவதே அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொருட்டுத்தான். பட்டியல் நம் கையில் முன்னமே இருக்குமானால், அதை ஒட்டி வரியாக்கி, மறுபடி ஷெல்லிடம் கொடுத்து வெட்டச் சொல்வது வீண் வேலை. பைத்தானில் 2004-இல் சேர்க்கப்பட்ட துணைநிரல் தொகுதி இவ்வாறு பட்டியலையே நேராக வாங்கிக்கொள்கிறது. ஷெல்லிலிருந்து ஆப்பிள்ஸ்கிரிப்டைக் கூப்பிடும்போதும், பாதையை நிரலின் வாசகத்துக்குள் செருகாமல் தருமதிப்பாகவே அனுப்பி அங்கே பெற்றுக்கொள்ளலாம். தரவுத்தளங்களிலும் இதே நீதியைக் காண்கிறோம். பயனாளர் எழுதிய சொல் கேள்வி மொழியின் கட்டளையாக உருமாறிவிடும் தாக்குதல் 1998-இல் பகிரங்கமாக விவரிக்கப்பட்டது; கேள்வியை ஒருபுறமும் மதிப்புகளை மற்றொருபுறமும் தனித்தனியே அனுப்புவதே அதற்கு உறுதியான காப்பாக நிலைத்திருக்கிறது.

எனினும், பட்டியல் என்னும் இந்தப் பாதுகாப்பு எல்லா எல்லைகளையும் கடந்து செல்வதில்லை. விண்டோஸில் ஒரு நிரலைத் தொடங்கும் அடிப்படைச் செயல் ஒரே ஒரு கட்டளை வரியைத்தான் ஏற்கிறது. அதைச் சொற்களாகப் பிரிப்பது தொடங்கப்படும் நிரலின் பொறுப்பு. பட்டியலைக் கொடுத்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, இடையில் ஒரு நூலகம் அதை வரியாக்கி உறையிட்டு அனுப்புகிறது. தொகுப்புக் கோப்புகளைப் படிக்கும் விண்டோஸ் ஷெல்லோ பிற நிரல்களின் விதியைப் பின்பற்றாமல் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. இந்த வேற்றுமையால் ரஸ்ட் மொழியின் நூலகத்திலேயே ஓர் ஆபத்தான ஓட்டை இருந்தது தெரியவந்து, 2024 ஏப்ரலில் அது திருத்தப்பட்டது. தொலைவிலுள்ள கணிப்பொறிக்குக் கட்டளை அனுப்பும் எஸ்எஸ்எச் நிரலும், நாம் கொடுத்த சொற்களை இடைவெளியிட்டு ஒன்றாகச் சேர்த்து, அங்குள்ள ஷெல்லை மறுபடி படிக்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வாசகன் ஒருவன் இடையில் இருக்கிறானா என்பதை ஒவ்வோர் எல்லையிலும் விசாரித்தறிவது இதனால் அவசியமாகிறது.

தமிழில் பெயரிடுவோருக்கு இந்த வரலாற்றில் ஓர் ஆறுதலும் உண்டு. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தை அமைத்தபோது, பல பைட்டுகளால் ஆன எந்த எழுத்துக்குள்ளும் சாய்கோடோ சூனியமோ அவை போன்ற பழைய குறியீட்டுப் பைட்டுகளோ தலைகாட்டாதபடி வகுத்தனர். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அதில் மூன்று பைட்டுகளாகிறது. அம்மூன்றில் எதுவும் ஷெல்லின் விசேஷக் குறியாக மயங்க வழியில்லை. ஜப்பானியருக்கு முன்னிருந்த ஷிஃப்ட்-ஜேஐஎஸ் குறியாக்கத்தில் இந்த முன்யோசனை இல்லாமையால், சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டு பின்சாய்வின் பைட்டாகவே அமைந்து, பெயர்களை நடுவில் உடைத்து வந்தது. 'பாட்டியின் கடிதங்கள்' என்னும் பெயரில் இடர் விளைவிப்பது அதன் தமிழ் எழுத்துகளில் ஒன்றும் இல்லை. அவற்றுக்கு நடுவேயுள்ள இடைவெளி மட்டுமே.

ஆகையால் அந்த இடைவெளியை விடாதீர்கள் என்று பெயரிட்டவருக்குப் புத்தி சொல்வது நியாயமாகாது. தம்முடைய கடிதங்களுக்கும் படங்களுக்கும் தமக்குப் பிடித்த பெயரை வைப்பது அவருடைய உரிமை. இயங்குதளம் அதற்கு இடங்கொடுத்திருக்கிறது. கொடுக்கப்பட்ட பெயரை ஒரு பைட்டும் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிரல் எழுதுவோரின் கடமை. பெயரைத் தனியே கொடுக்கக் கூடிய இடத்தில் தனியே கொடுப்பது; கொடுக்க முடியாத இடத்தில், படிக்கும் ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய உறையை, உள்ளிருந்து வெளியாக, அந்தந்த மொழியே தரும் செயலைக் கொண்டு இடுவது; கரடுமுரடான பெயர்களால் சோதித்துப் பார்ப்பது என்னும் மூன்று காரியங்களில் அந்தக் கடமை அடங்கிவிடுகிறது. இவற்றில் எதுவும் அரிய வித்தையல்ல. செய்வதற்கு ஆகும் நேரமும் சொற்பமே. செய்யாமல் விட்டதன் விலையையோ, அந்தப் பெயரை வைத்தவர்தான் தம் கோப்புகளை இழந்து கொடுக்கிறார்.